வயதான டிஃபென்சிவ் லைன்மேனை அணி வைத்துக்கொள்ளலாமா?

2022 மார்ச் 17 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி ஃப்ளெட்சர் காக்ஸை நீக்கியது. பத்து சீசன் அந்த ஒரே அணிக்கு ஆடியவர், 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற லீக் இறுதி ஆட்டத்தை வென்ற அணியின் முதுகெலும்பு. அப்போது அவருக்கு வயது 31. இரண்டே நாளில், மார்ச் 19 அன்று, அதே அணி அவரோடு புதிய ஒப்பந்தம் போட்டது.

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆள் வேண்டாம் என்றால் ஏன் இரண்டு நாளில் திரும்பக் கூப்பிட வேண்டும்? வேண்டும் என்றால் எதற்காக நீக்க வேண்டும்? அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஒவ்வொரு மார்ச்சிலும் ஏதாவது ஓர் அணி இந்த இக்கட்டில் மாட்டிக்கொள்ளும். முப்பதைத் தாண்டிய டிஃபென்சிவ் லைன்மேன் ஒருவர் இருப்பார், பெயரும் பெரியது, சம்பளமும் பெரியது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருட ஒப்பந்தத்தில், ஆட்டத்தில் பாதிக்கு முன்னே பின்னே மட்டும் இறக்கி, பக்கத்திலேயே ஓர் இளைஞரைத் தயார் செய்துகொண்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சம்பளத்தில், பழைய பாரத்தோடு, இன்னும் நான்கு வருடத்துக்கு என்று கையெழுத்துப் போட்டால் கணக்கு உதைக்கும். ஏன் என்று புரிய, அந்த ஆள் களத்தில் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

களத்தில் அவர் வேலை

ஒரு பக்கம் பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேர், எதிரே தடுக்கும் அணியின் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள், அது அஃபென்சிவ் லைன். அந்தச் சுவருக்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நிற்கும் மூன்று அல்லது நான்கு பேர்தான் டிஃபென்சிவ் லைன்மேன்கள். நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டாக்கிள், ஓரத்தில் நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட். சுவரின் நடுவில் இருக்கும் சென்டர், பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தருவதை ஸ்னாப் என்பார்கள். ஸ்னாப் ஆனதிலிருந்து ஐந்தாறு நொடியில் ஒரு முயற்சி முடிந்துவிடும். ஓர் ஆட்டத்தில் தடுக்கும் அணி இப்படிச் சுமார் 60 ஸ்னாப்பைச் சந்திக்கிறது.

அந்த ஐந்து நொடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். காக்ஸ் ஆறடி நான்கு அங்குலம், கிட்டத்தட்ட 140 கிலோ. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறார். பந்து அசைந்த கணத்தில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் எதிராளி இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துவிடுவார், அதோடு கதை முடிந்தது. முந்திக்கொண்டால் இவர் கை எதிராளியின் தோள்பட்டைக் கவசத்துக்கு அடியில் நுழையும். யார் தாழ்ந்து இருக்கிறாரோ அவருக்கே பலம். இதற்குள் பக்கவாட்டிலிருந்து இன்னொரு 140 கிலோ ஆள் வந்து இடிப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் இதற்கு டபுள் டீம் என்று பெயர். அந்த இடியை வாங்கியபடியே பந்து எங்கே போகிறது என்று கண்ணால் தேட வேண்டும். எதிரணி பந்தோடு ஓடினால் தன் இடத்தை விடாமல் அடைத்து நிற்க வேண்டும். பந்தை எறிய நினைத்தால் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய வேண்டும். எறிவதற்கு முன்பே அவரைப் பிடித்துக் கீழே தள்ளினால் அது ஒரு சாக்.

டிவியில் நமக்குத் தெரிவது சாக் மட்டும்தான். ஆனால் நடு லைன்மேனின் பெரிய பங்களிப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றால், பக்கத்தில் நிற்கும் சக வீரருக்கு ஒற்றைக்கு ஒற்றை வாய்ப்பு கிடைக்கும். அவர் சாக் எடுப்பார், கைதட்டலும் அவருக்குத்தான். அதனால் "போன வருடம் மூன்று சாக்தான் எடுத்தார், ஆள் முடிந்துவிட்டார்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

வயது எதை எடுத்துக்கொள்கிறது

முதலில் போவது அந்த முதல் அடி. பிறகு, அடிபட்டு எழுந்து வரும் வேகம். இருபத்திரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆடிய வலி ஓரிரு நாளில் போய்விடும், முப்பத்திரண்டில் அடுத்த ஞாயிறு வரை நீளும். குதிகால் தசைநார், தொடை இடுக்கு, கை பின்தசை என்று காயங்களும் வரிசையில் நிற்கும்.

போகாதது என்ன? கைவேலை, எதிராளியின் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் கண், அப்புறம் பலம். பலம் வேகத்தைவிட மெதுவாகவே குறைகிறது. இதனால்தான் நாற்பது கெஜம் ஓடித் துரத்த வேண்டிய இடங்களில் ஆடுபவர்களைவிட லைன்மேன்கள் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். கலாயிஸ் கேம்பெல் 1986-இல் பிறந்தவர். 2023-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு 6.5 சாக், 2024-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு 5 சாக் எடுத்துக் கொடுத்தார். 2025-இல், தன்னை முதன்முதலில் எடுத்த அரிசோனா கார்டினல்ஸுக்கே திரும்பினார்.

ஆனால் சரிவு வரும்போது படிப்படியாக வருவதில்லை, அதுதான் அணிகளுக்குப் பெரிய தலைவலி. ரெஜி வைட்டைப் பாருங்கள். 1998 சீசனில், 37-ஐ எட்டும் வயதில், கிரீன் பே பேக்கர்ஸுக்காக 16 சாக் எடுத்து லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். ஓய்வு பெற்று, ஒரு வருடம் விட்டு, 2000-இல் கரோலைனா பேந்தர்ஸுக்கு வந்து ஆடினார். 5.5 சாக். அதோடு சரி. இடையில் இருந்தது ஒரே ஒரு சீசன் இடைவெளி. 1998 ஆட்டத்தைப் பார்த்துவிட்டு யாராவது அவரோடு நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

பாரத்தைக் குறைத்தால் இந்தச் சரிவைத் தள்ளிப்போடலாம் என்பதற்கு ஈகிள்ஸிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. பிராண்டன் கிரஹாம் 2021 செப்டம்பரில் குதிகால் தசைநார் அறுந்து சீசனையே இழந்தார், அப்போது வயது 33. அந்தக் காயத்துக்குப் பிறகு அந்த வயதில் திரும்பி வருபவர்கள் குறைவு. 2022-இல் அவரை முழுநேரமாக இறக்காமல், அணி சந்தித்த ஸ்னாப்புகளில் பாதிக்கும் குறைவாகவே பயன்படுத்தினார்கள். அந்த வருடம் 11 சாக் எடுத்தார். 2010-இல் அணிக்கு வந்ததிலிருந்து அவர் பத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. களைப்பில்லாத கால்களோடு வரும் பழைய கைகளுக்கு என்ன மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பணம்: உண்மையான சிக்கல் இங்கேதான்

என்எஃப்எல்லில் எந்த அணியும் இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. 1994 முதல் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு உண்டு, சாலரி கேப் என்பார்கள். 2022-இல் அது 20.82 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணியை இதற்குள் அடக்க வேண்டும். ஒரு முதியவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொருவருக்குக் கொடுக்க முடியாமல் போகும் டாலர். ரசிகர்கள் "இவ்வளவு வருடம் உழைத்தவருக்கு நன்றிக்கடன் இல்லையா?" என்று கேட்பது எனக்குப் புரிகிறது, மனசார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நன்றிக்கடனை அணி முதலாளி தன் பையிலிருந்து தீர்ப்பதில்லை. மற்ற 52 பேரின் பங்கிலிருந்துதான் போகிறது.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பெரிய ஒப்பந்தம் போடும்போது வீரருக்குக் கையெழுத்து போனஸ் என்று ஒரு தொகை முன்கூட்டியே போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். உதாரணமாக 2 கோடி டாலர் போனஸ், ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 40 லட்சம் கணக்கில் ஏறும். இரண்டு வருடம் முடிந்ததும் அவரை நீக்கினால், மீதி 1.2 கோடியும் ஒன்றாகத் தலையில் விழும். ஜூன் 1-க்குப் பிறகு நீக்கினால் இரண்டு வருடமாகப் பிரிக்கலாம், ஆனால் தப்ப முடியாது. ஆளே இல்லாத இடத்துக்குப் போகும் இந்தத் தொகையை டெட் மணி என்பார்கள். தவணையில் வாங்கிய வண்டி பழுதாகி மூலையில் நிற்கும்போதும் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்குமே, அதே வயிற்றெரிச்சல்தான்.

இப்போது காக்ஸ் கதைக்குத் திரும்பலாம். 2016-இல் அவர் போட்டது ஆறு வருட நீட்டிப்பு, மதிப்பு சுமார் 10.3 கோடி டாலர். அந்தப் பணத்துக்கு அவர் நியாயம் செய்தார். 2018-இல் மட்டும் 10.5 சாக் எடுத்து லீக்கின் சிறந்த பதினொருவர் அணியிலும் இடம்பிடித்தார். 2021-இல் சாக் எண்ணிக்கை 3.5-ஆகக் குறைந்தது. 2022 மார்ச் 18 அன்று அவர் அணியில் இருந்தால் 1.8 கோடி டாலர் உறுதியாகிவிடும் என்பது ஒப்பந்த விதி. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் நீக்கினார்கள். பிறகு சந்தையில் அவர் மதிப்பு என்ன என்று பார்த்து, 1.4 கோடி டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஈகிள்ஸுக்கு ஆள் வேண்டியிருந்தது, பழைய விலைதான் வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு நாள் புதிருக்கு விடை இவ்வளவுதான்.

காக்ஸ் அந்த சீசனின் 17 ஆட்டத்திலும் ஆடி 7 சாக் எடுத்தார். அணி மொத்தம் 70 சாக் எடுத்தது, லீக் வரலாற்றில் அதைத் தாண்டியவை 1984 சிகாகோ பேர்ஸும் 1989 மினசோட்டா வைக்கிங்ஸும் மட்டுமே. ஹாசன் ரெடிக், ஜாஷ் ஸ்வெட், ஜவான் ஹார்கிரேவ், கிரஹாம் என நான்கு பேர் பத்துக்கு மேல் எடுத்தார்கள். அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நடுவில் காக்ஸ் இரண்டு பேரைக் கட்டிப்போட்டிருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அதே சீசனின் நவம்பர் மாதமும் பாடம் நிறைந்தது. நடு லைனில் ஆடிய புதுமுகம் ஜார்டன் டேவிஸ் கணுக்கால் காயத்தால் வெளியேறினார். நவம்பர் 14 அன்று வாஷிங்டன் கமாண்டர்ஸ் ஈகிள்ஸுக்கு அந்த வருடத்தின் முதல் தோல்வியைக் கொடுத்தது, 32-21. 49 முறை பந்தோடு ஓடி, 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அந்த வாரமே ஜெனரல் மேனேஜர் ஹவி ரோஸ்மன் 34 வயது லின்வால் ஜோசப்பையும் 35 வயது என்டாமுகாங் சூவையும் எடுத்தார். இருவருமே அதுவரை எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள். நடுவில் கனமாக நின்று ஓட்டத்தை அடைக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பது அரிது, அதற்கு இருபத்து நான்கு வயதுக் கால்கள் தேவையில்லை. அப்படி வருபவர்களைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தால், லீக் விதிப்படி மூத்த வீரரின் முழுச் சம்பளமும் உச்சவரம்பில் ஏறாது என்ற சலுகையும் உண்டு. அணி அந்த சீசனில் சூப்பர் பவுல் வரை போனது.

அங்கே என்ன நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 70 சாக் எடுத்த அதே அணி, கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு சாக்கூட எடுக்கவில்லை. 38-35 என்று தோற்றது. அனுபவம் கோப்பையை உறுதி செய்துவிடாது.

நீண்ட ஒப்பந்தம் வாங்கியவரும் ஒரு வருட ஒப்பந்தம் வாங்கியவரும்

2023 மார்ச்சில் ஈகிள்ஸ் எடுத்த முடிவுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஹார்கிரேவ் 11 சாக் எடுத்திருந்தார், வயது 30. காக்ஸ் அவரைவிட மூத்தவர், சாக்கும் குறைவு. சாதாரணமாகப் பார்த்தால் ஹார்கிரேவைத்தான் தக்கவைக்கத் தோன்றும். ஈகிள்ஸ் அவரைப் போகவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ 49எர்ஸ் அவரை நான்கு வருடத்துக்கு 8.4 கோடி டாலர் மதிப்பில் எடுத்துக்கொண்டது. காக்ஸுக்கு இன்னொரு ஒரு வருட ஒப்பந்தம், இந்த முறை 1 கோடி டாலர். போன சம்பளத்தைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். அப்புறம், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக ஜேலன் கார்ட்டரை எடுத்தார்கள். டிராஃப்டில் வரும் புதுமுகங்களின் சம்பளத்துக்கு லீக்கே அளவு வைத்திருக்கிறது. கார்ட்டருக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி டாலர், அதாவது வருடத்துக்கு காக்ஸ் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல்.

ஹார்கிரேவ் 49எர்ஸுக்கு முதல் வருடம் 7 சாக் எடுத்தார். மோசமில்லை. 2024-இல் மூன்றே ஆட்டத்தில் கை பின்தசை கிழிந்து சீசன் முடிந்தது. 2025 மார்ச்சில் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, காயம் யாருக்கும் வரும். ஆனால் முப்பதைத் தாண்டிய லைன்மேனுக்குக் காயம் வரும்போது ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான் அணியின் நட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஈகிள்ஸுக்கோ அவர் போனதற்கு ஈடாக மூன்றாம் சுற்று டிராஃப்டில் ஒரு கூடுதல் வாய்ப்பும் கிடைத்தது.

2023-இல் காக்ஸ் 5 சாக், அவர் பக்கத்தில் கார்ட்டர் 6 சாக். அணி 10-1 என்று தொடங்கி, கடைசி ஆறில் ஐந்தில் தோற்று, பிளேஆஃப் என்ற நாக்-அவுட் கட்டத்தின் முதல் சுற்றிலேயே டாம்பா பேவிடம் 32-9 என்று விழுந்தது. 2024 மார்ச்சில் காக்ஸ் ஓய்வை அறிவித்தார். 12 சீசன், 70 சாக், ஒரே அணி. அடுத்த சீசனில் கார்ட்டர், டேவிஸ், இத்தனை நாள் காக்ஸுக்கும் ஹார்கிரேவுக்கும் பின்னால் காத்திருந்த மில்டன் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நடுவை எடுத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே சீஃப்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் 6 சாக் எடுத்து 40-22 என்று வென்றது. அதில் இரண்டு வில்லியம்ஸ் எடுத்தது.

மூத்தவரை வைத்திருந்தால் இளைஞரின் வளர்ச்சி தடைப்படும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை: மூத்தவர் ஆடும் ஒவ்வொரு ஸ்னாப்பும் இளைஞர் ஆடாத ஸ்னாப். ஆனால் இங்கே அந்த மூன்று பேரும் காக்ஸ் இருந்தபோதே களத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வளர்ச்சியைத் தடுப்பது மூத்தவர் அணியில் இருப்பதல்ல, அவர் 60 ஸ்னாப்பில் 50-ஐ ஆடுவது.

அனுப்பியதால் இழந்தவர்கள்

மறுபக்கமும் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் பஃபலோ பில்ஸ் அணி சாலரி கேப் நெருக்கடியால் புரூஸ் ஸ்மித், தர்மன் தாமஸ், ஆண்ட்ரே ரீட் மூவரையும் ஒரே நாளில் நீக்கியது. ஸ்மித்துக்கு 36 வயது. அவர் வாஷிங்டனுக்குப் போய் அந்த வருடமே 10 சாக் எடுத்தார். 2003 டிசம்பரில் ரெஜி வைட்டின் 198 சாக் சாதனையை முறியடித்து, 200-இல் முடித்தார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது, கடைசிப் பகுதி வேறு ஊரின் சட்டையில். ஸ்மித்தால் ஆட முடியாது என்பதால் பில்ஸ் அவரை அனுப்பவில்லை. பழைய ஒப்பந்தங்கள் கழுத்தை நெரித்ததால் அனுப்பியது. ஒப்பந்தத்தை முன்பே சுருக்கமாக வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கேமரன் ஹேவர்ட் விஷயத்தில் துணிந்து வேறு வழியில் போனது. 2023-இல் தொடை இடுக்குக் காயத்தால் 11 ஆட்டம்தான், 2 சாக். பார்ப்பவர்களுக்கு முடிவு நெருங்கிவிட்டதாகத்தான் தெரிந்திருக்கும். 2024 செப்டம்பரில், 35 வயதில், அவர் ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். அந்த சீசனில் 8 சாக் எடுத்து, லீக்கின் சிறந்த பதினொருவர் அணியில் இடம்பிடித்தார். இது நான் சொல்லும் ஒரு வருட விதிக்கு எதிரான உதாரணம். ஆனாலும் ஸ்டீலர்ஸ் சும்மா இருக்கவில்லை. 2025 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே டெரிக் ஹார்மன் என்ற லைன்மேனை எடுத்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

இனி உங்கள் அணியில் இப்படி ஒருவர் வந்தால், சாக் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். நான்காவது கால்பகுதியில் அவரை கவனியுங்கள். டபுள் டீம் வரும்போது பின்னால் தள்ளப்படுகிறாரா, நின்ற இடத்தில் நிற்கிறாரா? ஸ்னாப் ஆனதும் சக லைன்மேன்களோடு சேர்ந்து எழுகிறாரா, ஒரு கணம் பிந்துகிறாரா? எதிரணி இன்னமும் அவருக்கு இரண்டு பேரை அனுப்புகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் அதிக மதிப்பு தருவேன். எதிரணிப் பயிற்சியாளர்கள் யாருடைய பழைய பெயருக்காகவும் ஓர் ஆளை வீணாக்க மாட்டார்கள். ஒற்றை ஆளை வைத்தே அவரைச் சமாளிக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், அந்தச் செய்தி நம் ஜெனரல் மேனேஜருக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

கிரஹாம் இரண்டாவது சூப்பர் பவுல் மோதிரத்தோடு 2025 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அக்டோபரில் ஈகிள்ஸின் ஸதாரியஸ் ஸ்மித் சீசன் நடுவில் திடீரென ஓய்வை அறிவிக்க, ஆள் பற்றாக்குறை வந்தது. அணி 37 வயது கிரஹாமைத் திரும்ப அழைத்தது. அந்த சீசனுக்கு மட்டும் ஒப்பந்தம், சுழற்சியில் ஆடும் வேலை, முன்வரிசையில் ஏற்கெனவே நோலன் ஸ்மித், ஜேலிக்ஸ் ஹன்ட் போன்ற இளைஞர்கள். வயதை மட்டும் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம், ஆனால் நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதே தொலைபேசி அழைப்பைத்தான் செய்திருப்பேன்.